829-லிருந்து 1,389: கேம் பாஸ் இனியும் கட்டுப்படியாகுமா?

2025 அக்டோபர் 1 அன்று மைக்ரோசாப்ட், மாதக் கட்டணத்துக்குப் பல கேம்களை ஆட விடும் தன் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தாவின் அடுக்குகளைக் கலைத்துப் புதிதாக அடுக்கியது. எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் என்று மூன்று பெயர்கள் வந்தன. அமெரிக்காவில் அல்டிமேட் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது. கணினிக்கு மட்டுமான பிசி கேம் பாஸ் 11.99-லிருந்து 16.49 ஆனது. அன்றைக்கே சந்தாவை நிறுத்தப் போனவர்கள் அத்தனை பேர்; ரத்து செய்யும் பக்கமே திறக்காமல் திணறியது.

அமெரிக்காவில் எழுந்த கூச்சல்தான் உலகம் முழுக்கக் கேட்டது. ஆனால் சதவீதக் கணக்கில் இந்தியாவுக்கு விழுந்த அடி அதைவிடப் பெரிது. அல்டிமேட் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ஆனது. அமெரிக்காவில் 50 சதவீத ஏற்றம், இங்கே 68 சதவீதம். பிசி கேம் பாஸ் 449-லிருந்து 939. அங்கே 38 சதவீதம் ஏறியது, இங்கே இரட்டிப்பையும் தாண்டிவிட்டது. புதிய பிரீமியம் 699, எசென்ஷியல் 499.

இந்த ஒரு விலையேற்றத்தை எடுத்துக்கொண்டு, கேம் சந்தா என்பது யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், எந்த இடத்தில் கணக்கு தடம் மாறுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். கீழே வரும் கேம் பாஸ் விலைகளும் கணக்குகளும் எல்லாம் அந்த 2025 அக்டோபர் விலைப்பட்டியலின்படி; இன்றைய விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருடத்தில் மூன்று மடங்கு

கேம் பாஸ் 2017 ஜூன் 1 அன்று மாதம் 9.99 டாலருக்குத் தொடங்கியபோது அது பழைய கேம்களின் வாடகை நூலகம், அவ்வளவுதான். நூற்றுக்கு மேற்பட்ட கேம்கள் இருந்தன. பெரும்பாலானவை கடையில் ஏற்கெனவே தள்ளுபடிக்கு வந்துவிட்டவை. 2018 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஒரு வாக்குறுதி கொடுத்தது. தன் சொந்த ஸ்டூடியோக்களின் கேம்கள் எல்லாம் கடைக்கு வரும் அதே நாளில் சந்தாவிலும் கிடைக்கும் என்றது. அந்த மார்ச்சில் வந்த ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ முதல் கேம். அங்கேதான் கேம் பாஸின் தன்மையே மாறியது. 60 டாலர் கேமை 10 டாலருக்குத் திறந்துவிட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

2019-ல் அல்டிமேட் 14.99 டாலருக்கு வந்தது. ஆன்லைன் மல்டிபிளேயருக்கான கோல்டு சந்தாவும் அதற்குள்ளேயே அடக்கம். 2021 ஜனவரியில் கோல்டை மட்டும் ஆறு மாதத்துக்கு 60 டாலர் என்று ஏற்றிப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே நாளில் பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகான ஏற்றங்களில் அந்தப் பின்வாங்கல் இல்லை. 2023-ல் அல்டிமேட் 16.99, 2024-ல் 19.99, 2025-ல் 29.99.

நடுவில் நடந்த பெரிய விஷயம், கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸார்டை மைக்ரோசாப்ட் வாங்கியது. 68.7 பில்லியன் டாலர் என்று அறிவித்த பேரம் 2023 அக்டோபர் 13 அன்று முடிந்தது. அதோடு ‘கால் ஆஃப் டியூட்டி’ கைக்கு வந்தது. வருடா வருடம் 70 டாலருக்குக் கோடிக்கணக்கில் விற்கும் கேம் அது. 2024 அக்டோபர் 25 அன்று ‘பிளாக் ஆப்ஸ் 6’ முதல் நாளிலேயே சந்தாவில் இறங்கியது. சந்தா வைத்திருப்பவர் அந்த 70 டாலரைத் தனியாகக் கொடுக்கப்போவதில்லை. அந்தப் பணம் வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

சந்தாதாரர் எண்ணிக்கை வேகமாக ஏறியிருந்தால் அங்கிருந்து வந்திருக்கும். ஏறவில்லை. 2022 ஜனவரியில் 2.5 கோடி என்றார்கள். 2024 பிப்ரவரியில் 3.4 கோடி. பார்க்க நல்ல வளர்ச்சிதான். ஆனால் இடையில் 2023 செப்டம்பரில் கோல்டு சந்தாவை ‘கேம் பாஸ் கோர்’ என்று பெயர் மாற்றி அந்த ஆட்களையும் இந்தத் தொகையில் சேர்த்துவிட்டார்கள் என்பதை நினைவில் வைத்தால் வளர்ச்சி சுருங்கிவிடும். புது ஆள் சேர்வது மந்தமானால் இருக்கிற ஆளிடம் கூடுதலாக வாங்க வேண்டும். 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் கேம் பாஸ் வருமானம் ஏறக்குறைய 5 பில்லியன் டாலர் என்று நிறுவனம் சொன்னது. மூன்று மாதம் கழித்து விலை ஏறியது.

கூடுதலாக என்ன கொடுத்தார்கள்

வெறுமனே விலையை ஏற்றவில்லை, சாமானும் சேர்த்திருக்கிறோம் என்பது மைக்ரோசாப்டின் வாதம். அல்டிமேட்டில் 400-க்கு மேற்பட்ட கேம்கள், வருடத்துக்கு 75-க்கு மேல் டே ஒன் கேம்கள் (கடைக்கு வரும் நாளிலேயே சந்தாவிலும் கிடைப்பவை), ‘யூபிசாஃப்ட் பிளஸ் கிளாசிக்ஸ்’, நவம்பர் 18 முதல் ஃபோர்ட்நைட் கேமின் மாதச் சந்தாவான ‘ஃபோர்ட்நைட் க்ரூ’, 1440பி படத் தெளிவு வரை கிளவுட் ஸ்ட்ரீமிங் (கேமை இறக்காமலே இணையம் வழியாக ஆடுவது).

இதில் ஃபோர்ட்நைட் க்ரூவைத் தனியாக வாங்கினால் மாதம் 11.99 டாலர். ஏற்கெனவே அதை வாங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு 10 டாலர் ஏற்றம் என்பது உண்மையில் 2 டாலர் மிச்சம். வீட்டில் ஃபோர்ட்நைட்டே கதி என்று கிடக்கும் பையன் இருந்தால் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். ஃபோர்ட்நைட்டைத் தொடாதவருக்கு அதன் மதிப்பு சுழியம். யூபிசாஃப்ட் கிளாசிக்ஸும் அப்படியே. ‘அசாசின்ஸ் க்ரீட்’, ‘ஃபார் க்ரை’ பழைய பாகங்களை ஆடாமல் விட்டவருக்கு அது பெரிய புதையல். மற்றவர்கள் அவற்றைச் சேலில் சல்லிசாக வாங்கி எப்போதோ முடித்திருப்பார்கள்.

கிளவுட் விஷயத்தில் இந்தியர்களுக்கு ஒரு நியாயமான குறை உண்டு. எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கு வந்ததே 2025 நவம்பரில்தான். அதுவரை அல்டிமேட்டுக்குப் பணம் கட்டியவர்கள் தங்களுக்குக் கிடைக்காத ஒரு வசதியைச் சேர்த்தே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எந்த விலையோடு ஒப்பிடுவது?

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இது. 2025-ல் கேம் பாஸில் டே ஒன்னாக வந்தவற்றில் சிலவற்றை எடுங்கள்: ‘அவவ்டு’, ‘டூம்: த டார்க் ஏஜஸ்’, ‘நிஞ்சா கெய்டன் 4’, ‘த அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’, ‘கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 7’ ஆகிய ஐந்தும் தலா 69.99 டாலர். ‘சவுத் ஆஃப் மிட்நைட்’, ‘ஆப்ளிவியன் ரீமாஸ்டர்டு’, ‘க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’, ‘டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 3+4’ ஆகிய நான்கும் தலா 49.99. ‘கியர்ஸ் ஆஃப் வார்: ரீலோடட்’ 39.99, ‘ப்ளூ பிரின்ஸ்’ 29.99, ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 19.99. மொத்தம் 639.88 டாலர். அல்டிமேட் புது விலையில் ஒரு வருடத்துக்கு 359.88. ஆக, 280 டாலர் லாபம்!

இந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டையும் ஒருவர் ஒரே வருடத்தில் முழு விலை கொடுத்து வாங்கியிருப்பார் என்று அது எடுத்துக்கொள்கிறது. வேலைக்குப் போகும் ஒருவர் இந்தப் பன்னிரண்டில் எத்தனையை முடித்திருப்பார்? முப்பது மணி நேரம் பிடிக்கும் ரோல் பிளேயிங் கேம்களே இதில் நான்கு இருக்கின்றன.

சரியான கணக்குக்கு மூன்று எண்கள் வேண்டும். முதலாவது, கடந்த 12 மாதத்தில் சந்தா வழியாக நீங்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடிய கேம்கள் எத்தனை. எக்ஸ்பாக்ஸில் ஒவ்வொரு கேமின் புள்ளிவிவரப் பக்கத்திலும் ஆடிய நேரம் இருக்கும். அரை மணி பார்த்துவிட்டு அழித்த கேம்களை இதில் சேர்க்கக் கூடாது. இரண்டாவது, சந்தா இல்லாவிட்டால் அவற்றில் எதையெல்லாம் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள். மூன்றாவதுதான் முக்கியம்: எந்த விலைக்கு வாங்கியிருப்பீர்கள்.

ஏனென்றால் பெரிய கேம்கள் வெளியாகி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 30 முதல் 50 சதவீதத் தள்ளுபடிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை இறங்குவது அபூர்வம். முதல் நாளே ஆடியாக வேண்டும் என்பவருக்கு ஒப்பீட்டு விலை 70 டாலர். அவருக்கு வருடத்தில் ஐந்தாறு கேம் ஆடினாலே 360 டாலர் திரும்பிவிடும். பழைய 19.99 விலையில் இதே ஆளுக்கு மூன்றரைக் கேம் போதுமானதாக இருந்தது. சேலுக்குக் காத்திருக்கக்கூடியவருக்கு ஒப்பீட்டு விலை 35 டாலர். அவர் வருடத்துக்குப் பத்து கேம் ஆடினால்தான் சரிக்குச் சரி. அதாவது ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய ஒரு பெரிய கேம், இடைவெளியே இல்லாமல். அப்படி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

“வாங்கிப் பார்க்காமல் பிடிக்குமா பிடிக்காதா என்று எப்படித் தெரியும், சந்தா இருந்தால் எதையும் தொட்டுப் பார்க்கலாமே” என்பது இன்னொரு வாதம். எக்ஸ்பாக்ஸ் மாதிரி டிவியோடு இணைக்கும் கன்சோலில் இதற்கு வலு உண்டு. கணினியில் குறைவு. கணினிக் கேம் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். தொட்டுப் பார்க்க இரண்டு மணி நேரம் தாராளம். இன்னொரு கடையான எபிக் 2018 டிசம்பரிலிருந்து இலவசக் கேம்கள் கொடுத்துவருவதும் இதே தேவையைத்தான் தீர்க்கிறது.

மாதக் கணக்கில் எடுத்தால்

அல்டிமேட்டுக்கு மைக்ரோசாப்ட் வருடாந்திரத் தள்ளுபடி விலை வைக்கவில்லை. பன்னிரண்டு மாதம் கட்டினாலும் பன்னிரண்டு மாதக் காசுதான். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எங்கள் பார்வையில் வாடிக்கையாளருக்கு இருக்கும் மிகப் பெரிய வசதியே இதுதான். தொடர்ந்து வைத்திருப்பதற்குப் பரிசு இல்லை என்றால், விட்டுவிட்டு எடுப்பதற்குத் தண்டனையும் இல்லை.

2025 இறுதியையே எடுத்துக்கொள்வோம். ‘கீப்பர்’ அக்டோபர் 17, ‘நிஞ்சா கெய்டன் 4’ அக்டோபர் 21, ‘த அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’ அக்டோபர் 29, ‘பிளாக் ஆப்ஸ் 7’ நவம்பர் 14. அக்டோபர் 29 அன்று ஒரு மாதச் சந்தா எடுத்தால் நான்கும் கைக்குள். கடை விலை 239.96 டாலர், சந்தா 29.99. கீப்பர் சில மணி நேரத்தில் முடியும் சின்னக் கேம். நிஞ்சா கெய்டனுக்கு இரண்டு வார இறுதி. மீதி நாட்கள் அவுட்டர் வேர்ல்ட்ஸுக்கு. கால் ஆஃப் டியூட்டியின் கதைப் பகுதியை நடுவில் இரண்டு இரவில் பார்த்துவிடலாம். 30 டாலர் என்ற விலை இந்தக் கோணத்தில் கொள்ளை மலிவு. அதே 30 டாலர், எதுவும் ஆடாத அடுத்த பிப்ரவரியிலும் அட்டையிலிருந்து போகும்போதுதான் வலிக்கும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: சந்தா வாங்கிய அதே நிமிடம் மைக்ரோசாப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சந்தாக்கள் பகுதிக்குப் போய், கேம் பாஸுக்கு எதிரே ‘மேனேஜ்’ அழுத்தி, தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிடுவது. அணைத்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை எல்லாம் ஓடும். பிளேஸ்டேஷன் 5-ல் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ், அக்கவுன்ட், பேமென்ட் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற வழியில் இதே வேலை. “மாதக் கடைசியில் அணைத்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டவர்களின் மறதியும் இந்தத் தொழிலுக்கு வருமானம்தான்.

இந்த முறை யாருக்குச் சரிப்படாது? வருடம் முழுக்க நண்பர்களோடு கால் ஆஃப் டியூட்டி மல்டிபிளேயர் ஆடுகிறவருக்கு. அவருக்கு அல்டிமேட்டே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. கேமை 69.99 கொடுத்து வாங்கி, கன்சோலாக இருந்தால் ஆன்லைனுக்கு எசென்ஷியல் மட்டும் வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 69.99-உடன் 119.88 சேர்த்து 189.87 டாலர். அல்டிமேட்டைவிட 170 டாலர் மிச்சம். கணினியில் ஆன்லைனுக்குத் தனிக் கட்டணமே கிடையாது. ஃபோர்ட்நைட் போன்ற இலவசக் கேம்களுக்கு எக்ஸ்பாக்ஸிலும் 2021 ஏப்ரலிலிருந்து கட்டணம் இல்லை.

டவுன்லோடையும் மறக்கக் கூடாது. கால் ஆஃப் டியூட்டி மாதிரி கேம் 100 ஜிபிக்கு மேல். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்க, தடங்கலே இல்லாவிட்டாலும் ஐந்தரை மணி நேரம். 512 ஜிபி எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் கேமுக்குக் கிடைக்கும் இடம் 364 ஜிபிதான்; மூன்று பெரிய கேம் வைத்தால் நிறைந்துவிடும். 400 கேம் நூலகம் என்பது அந்தக் கன்சோலில் எப்போதும் மூன்று கேம் அலமாரிதான். நான்காவதுக்கு ஒன்றை அழித்துவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

சந்தாவில் வருவது அடிப்படைக் கேம் மட்டும். டிஎல்சி, அதாவது பிறகு சேர்த்து விற்கும் கூடுதல் பகுதி, தனி. ‘ஸ்டார்ஃபீல்ட்’ 2023 செப்டம்பர் 6 அன்று கேம் பாஸில் வந்தபோது, 34.99 டாலர் பிரீமியம் அப்கிரேட் வாங்கியவர்கள் செப்டம்பர் 1-லேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். டே ஒன் என்ற வாக்குறுதிக்கு முன்னால் ஐந்து நாள் முளைத்தது இப்படித்தான். டிஎல்சி வாங்கி, பிறகு அடிப்படைக் கேம் நூலகத்தை விட்டு வெளியேறினால், நீங்கள் காசு கொடுத்த டிஎல்சி உங்கள் கணக்கிலேயே இருக்கும். ஆட மட்டும் முடியாது. சொந்த ஸ்டூடியோ கேம்கள் பொதுவாக நிலைக்கின்றன. மற்ற நிறுவனங்களின் கேம்கள் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் போய்விடும். ‘ஜிடிஏ 5’ கேம் பாஸுக்குள் வருவதும் போவதுமாக இருந்ததே இதற்கு நல்ல உதாரணம்.

போகப்போகும் கேம்கள் ‘லீவிங் சூன்’ என்ற வரிசையில் ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே வரும். வெளியேறுவது பெரும்பாலும் மாதத்தின் நடுவிலும் கடைசியிலும். நீளமான கேம் ஒன்றைத் தொடங்குமுன் அது யார் வெளியிட்டது, எப்போது நூலகத்துக்கு வந்தது என்று பாருங்கள். வந்து பத்து, பதினோரு மாதமான பிற நிறுவனக் கேமில் நூறு மணி நேரக் கதையை இப்போது தொடங்குவது வம்பு.

கணினியில் ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி சேவ் கோப்புகளில், அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்று பதிவாகும் கோப்புகளில், இருக்கிறது. கேம் பாஸில் நாற்பது மணி நேரம் ஆடிவிட்டீர்கள், கேம் வெளியேறுகிறது. ஸ்டீமில் நல்ல தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கி நிறுவினால், பல கேம்களில் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஆப் வழியாக நிறுவிய கேம் தன் சேவ் கோப்பை விண்டோஸின் ‘ஆப்டேட்டா’ கோப்புறைக்குள், ‘பேக்கேஜஸ்’ என்பதன் அடியில், ‘டபிள்யூஜிஎஸ்’ என்ற துணைக் கோப்புறையில் வைக்கிறது. கோப்புகளின் பெயர்கள் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரங்கள். ஸ்டீம் பதிப்பு தேடும் பெயரும் அமைப்பும் வேறு. சில கேம்களுக்கு ரசிகர்கள் மாற்றுக் கருவி எழுதியிருக்கிறார்கள், சிலவற்றுக்கு இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தக் கணக்கு வழியாகச் சேவ் கோப்பை இணைத்துவைக்கும் கேம்கள் தப்பிக்கும்.

ஆகவே, பாதியில் நிற்கும் கேமை வாங்குவதானால் மைக்ரோசாப்ட் கடையிலேயே வாங்குங்கள். சேவ் அப்படியே தொடரும். சந்தா இருக்கும்போதே வாங்கினால் நூலகத்தில் உள்ள சில கேம்களுக்கு உறுப்பினர் தள்ளுபடியும் கிடைக்கும். ‘ப்ளே எனிவேர்’ குறி இருந்தால் கன்சோலிலும் கணினியிலும் ஒரே விலையில் ஓடும். மோட் (ரசிகர்கள் எழுதும் மாற்றங்கள்) போட்டு ஆடுவதுதான் நோக்கம் என்றால் முதலிலிருந்தே ஸ்டீம்தான்; பல மோட்கள் ஸ்டீம் பதிப்புக்கே எழுதப்படுகின்றன.

ஸ்டீமில் வாங்கினால் மட்டும் ‘சொந்தமா’ என்று கேட்பவர்களுக்கு: இல்லை, அதுவும் உரிமம்தான். 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறது. இன்ஸ்டாலரை, அதாவது கேமை நிறுவும் கோப்பை, கையோடு எடுத்து வைத்துக்கொள்ள விடுவது ஜிஓஜி மாதிரி கடைகள்தான். ஆனாலும் மாதக் கட்டணம் நின்ற மறுநாள் மூடிக்கொள்ளும் உரிமமும், கடை இருக்கும்வரை திறந்திருக்கும் உரிமமும் ஒன்றல்ல.

சோனியும் நிண்டெண்டோவும்

சோனியின் சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸ் வேறு வழியில் போகிறது. 2022 ஜூனில் எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, பிரீமியம் என்று பிரித்தார்கள். இந்தியாவில் கிளவுட் இல்லாததால் பிரீமியத்துக்குப் பதில் டீலக்ஸ். 2023 செப்டம்பர் 6 அன்று வருடச் சந்தா மட்டும் எகிறியது: அமெரிக்காவில் எசென்ஷியல் 59.99-லிருந்து 79.99, எக்ஸ்ட்ரா 99.99-லிருந்து 134.99, பிரீமியம் 119.99-லிருந்து 159.99. அப்படியும் எக்ஸ்ட்ராவின் ஒரு வருடம், அல்டிமேட்டின் ஐந்து மாதத்தைவிடக் குறைவு.

காரணம், சோனி தன் பெரிய கேம்களை முதல் நாளே சந்தாவில் போடுவதில்லை. ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ 2022 நவம்பரில் வந்தது. எக்ஸ்ட்ராவுக்கு வந்தது 2025 ஜனவரியில். ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ ஒரு வருடம் எடுத்துக்கொண்டது. காத்திருக்கத் தெரிந்தவருக்கு எக்ஸ்ட்ரா இன்றும் நல்ல பேரம். ஒரே நிபந்தனை, நவம்பர் பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் வருடமாக எடுப்பது. அந்த 2023 விலையில் மாதமாதம் கட்டினால் எக்ஸ்ட்ரா வருடத்துக்கு 179.88 ஆகிவிடும். கேம் பாஸுக்கு மாதக் கணக்கு, பிளேஸ்டேஷனுக்கு வருடக் கணக்கு. இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். எசென்ஷியலில் மாதாமாதம் வரும் கேம்களை ‘ஆட் டு லைப்ரரி’ அழுத்தி எடுத்துவைக்க மறக்காதீர்கள். சந்தா விட்டுப்போய்த் திரும்பி வந்தாலும் எடுத்து வைத்தவை திரும்பத் திறக்கும். எடுக்காதவை போனவைதான்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் வருடத்துக்கு 19.99 டாலர், எட்டு பேர் குடும்பத்துக்கு 34.99. இதில் ஆராய ஒன்றுமில்லை.

இந்தியச் சந்தாதாரரின் தனிச் சிக்கல்

அக்டோபர் ஏற்றம் பழைய சந்தாதாரர்களுக்கு நவம்பர் 4 முதல் என்று அறிவித்தார்கள். ஆனால் ஜெர்மனி, அயர்லாந்து, தென் கொரியா, போலந்து, இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில், ஏற்கெனவே தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் சந்தாவுக்கு இப்போதைக்கு பழைய விலையே தொடரும், புதிதாக வாங்குபவர்களுக்குத்தான் புது விலை என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். ரத்து செய்துவிட்டுத் திரும்பி வந்தால் அப்போது 1,389.

மேலே சொன்ன ‘விட்டுவிட்டு எடு’ யோசனை இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு தடவை விட்டால் 829 போய்விடும். எனவே அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, வருடத்தில் எத்தனை மாதம் உண்மையில் ஆடுகிறோம் என்பது. 829 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 9,948 ரூபாய். 1,389 வீதம் ஏழு மாதம் எடுத்தால் 9,723. ஆக, ஏழு மாதமோ அதற்குக் குறைவாகவோ ஆடுகிறவர் பழைய விலையைப் பொக்கிஷமாகக் காத்து வைப்பதே நட்டம். பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என்று வருடத்தில் நான்கு மாதம் ஆடுகிறவருக்குப் புது விலையிலும் 5,556-தான் ஆகும். எட்டு மாதமோ அதற்கு மேலோ ஆடுகிறவர் 829-ஐ விடவே கூடாது. பிசி கேம் பாஸில் பழைய விலை வருடத்துக்கு 5,388. புது விலையில் ஐந்து மாதம் 4,695, ஆறு மாதம் 5,634. அங்கே கோடு ஐந்து மாதத்தில் விழுகிறது.

புதிதாகச் சேரும் கணினிக்காரர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று: இப்போது எல்லா அடுக்கிலும் கணினியில் ஆடலாம். அந்த விலைப்பட்டியலில் 699 ரூபாய் பிரீமியம், 939 ரூபாய் பிசி கேம் பாஸைவிட மலிவு. பிரீமியத்தில் 200-க்கு மேல் கேம்கள்; எக்ஸ்பாக்ஸ் சொந்தக் கேம்கள், கால் ஆஃப் டியூட்டி நீங்கலாக, வெளியாகி ஒரு வருடத்துக்குள் வந்துசேரும். டே ஒன்னும், இஏ நிறுவனத்தின் கேம் தொகுப்பான இஏ ப்ளேயும் பிசி கேம் பாஸில்தான். ‘எஃப்சி’ கால்பந்துக் கேம் ஆடாதவர், புதுக் கேமுக்கு அவசரப்படாதவர் மாதம் 240 ரூபாயை எதற்குக் கூடுதலாகக் கட்டுகிறார் என்று யோசிக்கலாம்.

இரண்டு கன்சோல் உள்ள வீட்டுக்கு ஒரே அல்டிமேட் போதும். சந்தா வைத்திருப்பவர் மற்றவரின் கன்சோலில் தன் கணக்கைப் போட்டு, செட்டிங்ஸ், ஜெனரல், பர்சனலைசேஷன், ‘மை ஹோம் எக்ஸ்பாக்ஸ்’ என்ற வழியில் அதைத் தன் வீட்டுக் கன்சோலாகக் குறித்துவிட்டால், அதில் உள்ள எல்லாக் கணக்குக்கும் நூலகமும் ஆன்லைனும் திறக்கும். சந்தாக்காரர் தன் சொந்தக் கன்சோலில் தன் கணக்கில் நுழைந்து ஆடலாம். அவருக்கு மட்டும் எப்போதும் இணையம் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஐந்து முறைதான் மாற்ற முடியும், விளையாட்டாக மாற்றிக்கொண்டே இருந்தால் பூட்டிக்கொள்ளும். 1,389-ஐ அண்ணன் தம்பி இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 694.50 ரூபாய், பழைய 829-ஐவிடக் குறைவு.

பழைய விலையைக் காப்பது என்று முடிவு செய்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது கார்டை. ரிசர்வ் வங்கி விதிப்படி தானியங்கிக் கட்டணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து செய்தி வரும். அந்தச் செய்தி வராத மாதம் ஏதோ தவறு என்று அர்த்தம். கார்டு காலாவதியாகிப் புதியது வந்தாலோ, தொலைந்து மாற்றினாலோ, கட்டண நாளுக்கு முன்பே மைக்ரோசாப்ட் கணக்கில் புது கார்டைச் சேர்த்து, ஓடிபி போட்டு ஒப்புதலைப் பதிந்துவிடுங்கள். கட்டணம் போகாமல் சந்தா அறுந்துவிட்டால், அடுத்து வாங்கும்போது திரையில் நிற்பது புது விலையாகத்தான் இருக்கும்.